தங்கம் போனது, மண் தங்கியது

கோலார் தங்கவயல் என்றால் இன்று இந்தியாவில் யாருக்கும் சினிமாதான் ஞாபகம் வருகிறது. 2018லும் 2022லும் வந்த இரண்டு கன்னடப் படங்கள் கே.ஜி.எஃப் என்ற மூன்றெழுத்தை மொழி பேதமில்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டன. படத்தில் துப்பாக்கி உண்டு, தாய்ப்பாசம் உண்டு, புழுதியும் ஏராளமாக உண்டு. அந்தப் புழுதி எதனால் ஆனது என்ற விஷயத்தை மட்டும் படம் தொடவில்லை. பெங்களூரிலிருந்து சுமார் நூறு கிலோமீட்டர் போனால் அசல் புழுதியைப் பார்க்கலாம். ஊரை ஒட்டி, வீடுகளுக்குப் பின்னால், மழைநீர் அரித்த வாய்க்கால்களோடு சாம்பல் நிறக் குன்றுகள் நிற்கின்றன. ஊரார் அவற்றைச் சயனைடு மலை என்கிறார்கள். இயற்கை உண்டாக்கிய மலைகள் அல்ல இவை. பாறையை மாவாக அரைத்து, தங்கத்தை எடுத்துக்கொண்டபின் கொட்டிய சக்கை.

இந்தச் சக்கைக்கு இப்போது மறுபடி மவுசு வந்திருக்கிறது. 13 குன்றுகளையும் திரும்பக் கிளறி, மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கலாம் என்ற மத்திய அரசின் யோசனைக்குக் கர்நாடக அமைச்சரவை 2024 ஜூனில் ஒப்புதல் தந்தது. பரப்பு 1,003 ஏக்கர். சக்கையின் அளவு சுமார் 3 கோடியே 30 லட்சம் டன். தங்கத்தின் விலை ஏறிக்கொண்டே போகும் காலத்தில் இது நல்ல வியாபாரமாக இருக்கலாம். வேலையில்லாத ஊருக்குச் சில நூறு வேலைகளும் கிடைக்கலாம். ஆனால் அந்தக் குன்றுகளுக்கு அடியிலும் சுற்றிலும் இருக்கும் மண் என்ன நிலையில் இருக்கிறது, கிளறிய பிறகு என்ன ஆகும் என்ற கேள்வி இந்தப் பேச்சில் எங்கும் காதில் விழவில்லை.

கணக்கைக் கொஞ்சம் பார்க்கலாம். ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் என்ற ஆங்கிலேயக் கம்பெனி 1880இல் இங்கே வந்தது. 2001 பிப்ரவரி 28 அன்று பாரத் கோல்டு மைன்ஸ் மூடப்படும் வரை 120 ஆண்டுகளில் வெளியே வந்த தங்கம் ஏறத்தாழ 800 டன். மிஞ்சி நிற்கும் சக்கையை அதால் வகுத்தால், எட்டு கிராம் கொண்ட ஒரு சவரனுக்கு 330 கிலோ சக்கை என்று வருகிறது. கழுத்தில் ஐந்து சவரன் சங்கிலி போட்டிருப்பவர், ஒன்றரை டன்னுக்கு மேற்பட்ட அரைத்த பாறையை எங்கோ ஓர் ஊரில் விட்டு வந்திருக்கிறார் என்று பொருள்.

அந்த ஊர் பெரும்பாலும் தமிழர்களின் ஊர். வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலம் பக்கத்திலிருந்தும், ஆந்திரத்தின் சித்தூரிலிருந்தும், பஞ்சத்துக்கும் சாதிக்கும் தப்பி வந்தவர்கள் மூங்கில் தட்டியும் தகரமும் கொண்ட லைன் வீடுகளில் குடியேறினார்கள். பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கி வேலை செய்தார்கள். 1902இல் சிவனசமுத்திரத்திலிருந்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் வந்தது. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று வருஷம் கழித்துத்தான். அயோத்திதாசப் பண்டிதர் தொடங்கிய ‘தமிழன்’ இதழ் அவர் மறைவுக்குப் பிறகு 1920களில் மறுபடி வெளிவந்ததும் இந்த ஊரிலிருந்துதான். இன்று சுரங்கம் இல்லை. அந்தத் தொழிலாளிகளின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் விடியற்காலை ரயில் பிடித்து வேலைக்காகப் பெங்களூருக்கு வந்து இரவில் திரும்புகிறார்கள். அவர்கள் இல்லாத பகலில் ஊருக்குக் காவலாக நிற்பது சயனைடு மலைகள்.

சயனைடு மலை என்ற பெயர் பாதி உண்மை. தங்கத்தைச் சயனைடு கரைசலில் கரைத்துப் பிரிக்கும் முறைக்கு 1887இல் கிளாஸ்கோ நகரத்தில் காப்புரிமை வாங்கப்பட்டது. பாறையை இடித்துப் பாதரசம் பூசிய செப்புத் தகடுகளில் ஓடவிடும் பழைய முறையோடு இந்தப் புது முறையும் சேர்ந்துகொண்டது. கேட்டால் நடுங்கவைக்கும் விஷம்தான் சயனைடு. ஆனால் வெயிலிலும் காற்றிலும் பாக்டீரியாக்களின் வாயிலும் அதில் பெரும்பகுதி சிதைந்துவிடும். இரும்போடு கட்டுண்ட கொஞ்சம்தான் நீடிக்கும். பாறையோடு வந்தவற்றின் கதை வேறு. தங்க ரேகைகளில் கந்தகத் தாதுக்கள் உண்டு. அவற்றோடு ஆர்செனிக், ஈயம், செம்பு, துத்தநாகம், நிக்கல். பூமிக்குள் கெட்டிப் பாறையாக இருந்தவரை இவற்றால் யாருக்கும் தொல்லை இல்லை. மாவாக அரைத்துக் காற்றும் மழையும் படும்படி கொட்டியதும் கதை மாறிவிட்டது. உலோகம் சிதையாது, மக்காது, வயதாகிச் சாகாது. பயந்த பெயர் மெல்ல மெல்லப் போய்விடும். பயப்படாத பெயர்கள் அங்கேயே இருக்கும்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இந்த மாவு ஊர் முழுக்கப் பறக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலும் சோற்றிலும் கண்ணிலும் விழுகிறது. மக்களின் நுரையீரல் பற்றி இந்த நூறு ஆண்டில் கொஞ்சமாவது பேசப்பட்டிருக்கிறது. சிலிக்கோசிஸ் என்ற ஆங்கிலச் சொல் லைன் வீட்டுப் பாட்டிக்கும் தெரியும். காற்றும் ஓடைநீரும் கொண்டுபோய்ச் சேர்க்கும் மண்ணின் நுரையீரல் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை.

மண்ணுக்கு ஏது நுரையீரல் என்று கேட்கலாம். நல்ல வயல் மண்ணில் ஒரு கிராம் எடுத்தால், அதாவது ஒரு சிட்டிகைக்குச் சற்று அதிகம், அதில் நூறு கோடி பாக்டீரியாக்கள் வரை இருக்கும்; ஆயிரக்கணக்கான வகைகள். அவற்றோடு பூஞ்சை இழைகளும் ஒற்றைச் செல் பிராணிகளும். இவையெல்லாம் மூச்சு விடுகின்றன. உதிர்ந்த இலையைத் தின்று மக்காக்குகின்றன. காற்றிலிருக்கும் நைட்ரஜனைப் பிடித்துத் துவரைக்கும் அவரைக்கும் கொடுக்கின்றன. வேர் எட்டாத இடத்திலிருந்து பாஸ்பரஸைப் பூஞ்சை இழை கொண்டுவந்து கொடுக்கிறது. முதல் மழையில் எழும் மண்வாசனைகூட மண்ணுடையது அல்ல. ஸ்ட்ரெப்டோமைசிஸ் போன்ற நுண்ணுயிர்கள் உண்டாக்கும் ஜியோஸ்மின் என்ற பொருளின் வாசனை. கவிஞர்கள் நூற்றாண்டுகளாகப் பாடிவந்தது ஒரு பாக்டீரியாவின் மூச்சை.

இப்படிப்பட்ட மண்ணில் உலோகம் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல சாட்சி இங்கிலாந்தில் கிடைத்தது. வோபர்ன் என்ற இடத்தில், ராதம்ஸ்டெட் ஆய்வு நிலையத்தின் சோதனை வயலில், 1942 முதல் 1961 வரை சாக்கடைக் கசடை எருவாகப் போட்டார்கள். நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். கசடில் லண்டன் பக்கத்துத் தொழிற்சாலைகளின் துத்தநாகமும் காட்மியமும் செம்பும் இருந்தன. கசடு போடுவதை நிறுத்தி 20 ஆண்டுகளுக்குப் பிறகு மண்ணை எடுத்துப் பார்த்தார்கள். சாதாரணத் தொழுவுரம் போட்ட பாத்தியில் இருந்த நுண்ணுயிர்களின் எடையில் பாதிதான் இந்தப் பாத்தியில் இருந்தது. அங்கே தீவனத்துக்கு வளர்க்கும் குளோவர் செடி வேரில் முடிச்சு விட்டது. ஆனால் முடிச்சில் நைட்ரஜன் சேரவில்லை. பல வகை ரைசோபியம் பாக்டீரியாக்கள் இருக்கவேண்டிய இடத்தில் ஒரே ஒரு வகைதான் தாக்குப்பிடித்திருந்தது. அதற்குக் குடியிருக்கத் தெரிந்தது, உழைக்கத் தெரியவில்லை. பயிர் செத்துவிழும் அளவுக்கு மண்ணில் விஷம் இல்லை என்பதைக் கவனிக்கவேண்டும். பார்வைக்கு வயல் வயலாகத்தான் இருந்தது.

அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் பாமர்டன் ஊரில் துத்தநாக உலையின் புகை பட்ட மலைச்சரிவில் இன்னொரு காட்சி. மரத்திலிருந்து விழுந்த இலைகள் மக்காமல் அடுக்கடுக்காகக் கிடந்தன. இலையைத் தின்னும் உயிர்கள் இல்லை என்றால் இலை குப்பைதான், எருவாவதில்லை.

மண் ஆராய்ச்சியாளர்கள் இன்னொன்றையும் கண்டிருக்கிறார்கள். உலோகம் கலந்த மண்ணில் உயிர்களின் எண்ணிக்கை குறைந்தாலும் ஒவ்வொன்றும் விடும் மூச்சு அதிகமாகிறது. சாப்பிடும் உணவில் பெரும்பகுதி உடம்பிலிருந்து விஷத்தை வெளியே தள்ளும் வேலைக்கே போய்விடுகிறது; வளரவும் பெருகவும் மிச்சமில்லை. சம்பளம் முழுவதையும் மருந்துக் கடையில் கொடுத்துவிட்டு வரும் குடும்பத்தை நினைத்துக்கொள்ளுங்கள். தங்கவயலில் அப்படிப்பட்ட குடும்பங்களைத் தேடவேண்டியதில்லை.

ஆனால் சயனைடு மலையை உயிரற்ற பாலை என்று சொல்லிவிட்டுப் போகவும் முடியாது. எல்லா உயிரும் செத்துவிடுவதில்லை. ஆள் மாறுகிறது. கந்தகத் தாதுவைத் தின்று கந்தக அமிலத்தைக் கழிக்கும் பாக்டீரியாக்கள் உண்டு. அவற்றில் ஒன்றை 1922இல் சக அறிஞரோடு சேர்ந்து விவரித்தவர் செல்மன் வாக்ஸ்மன். காசநோய்க்கு மருந்தான ஸ்ட்ரெப்டோமைசின் பிற்காலத்தில் அவருடைய ஆய்வுக்கூடத்து மண்ணிலிருந்துதான் வந்தது. 1952இல் நோபல் பரிசும் வந்தது. மருந்து தரும் மண்ணையும் அமிலம் தரும் மண்ணையும் ஒரே ஆள் ஆராய்ந்திருக்கிறார். 1947இல் மேற்கு வர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்க நீரில் இதன் பங்காளி கண்டுபிடிக்கப்பட்டது. கந்தகத்தோடு இரும்பையும் தின்னும் பங்காளி. அமிலநீரில் இரும்பு தானாக ஆக்ஸிஜனோடு சேருவதைவிடப் பத்து லட்சம் மடங்கு வேகத்தில் இது சேர்த்துவிடும். அந்த அமிலம் பாறையிலிருக்கும் மற்ற உலோகங்களையும் கரைத்து ஓடைக்கு அனுப்பும். மேகாலயாவின் எலிவளை நிலக்கரிச் சுரங்கங்களுக்குக் கீழே ஆறுகள் நிறம் மாறி, மீன் செத்துப்போனதில் இந்தக் குடும்பத்துக்கும் பங்குண்டு. 2014இல் பசுமைத் தீர்ப்பாயம் அந்தச் சுரங்கங்களுக்குத் தடை போட்டது.

இன்னும் விசித்திரமான பிழைப்பாளிகளும் உண்டு. ஆஸ்திரேலியாவின் பல்லாரட் தங்கச் சுரங்கத்தில் கிடைத்த ஒரு பாக்டீரியா, நாம் ஆக்ஸிஜனைச் சுவாசிப்பதுபோல ஆர்செனிக் உப்பைச் சுவாசிக்கிறது. வேறொன்று, கரைந்த தங்க உப்பின் விஷத்தைச் சமாளிக்க அதைத் தன்மேல் கெட்டித் தங்கத் துகளாக மாற்றிக்கொள்கிறது. இவற்றின் திறமை விலைமதிப்பில்லாததுதான். ஆனால் உலோகத்தைத் தாங்கும் மரபணுக்கள் பல சமயங்களில் ஆன்டிபயாடிக் மருந்தைத் தாங்கும் மரபணுக்களோடு ஒட்டியே பயணம் செய்கின்றன. உலோகம் நிறைந்த மண் மருந்துக்கு அடங்காத கிருமிகளுக்கும் பயிற்சிக்கூடமாகலாம் என்று உலகின் பல பகுதிகளில் எச்சரிக்கிறார்கள்.

இந்தத் துறையில் பெங்களூருக்கு நல்ல பெயர் உண்டு. இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் கே.ஏ. நடராஜனும் அவருடைய மாணவர்களும் பல பத்தாண்டுகளாகத் தாதுக்களோடு பாக்டீரியாக்களுக்குள்ள உறவை ஆராய்ந்து வந்திருக்கிறார்கள். ராய்ச்சூர் மாவட்டத்து ஹட்டி தங்கச் சுரங்கத்தின் கடினமான தாதுவிலிருந்து பாக்டீரியா துணையோடு தங்கம் எடுக்கும் முயற்சியிலும் அந்த அறிவு பயன்பட்டது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கம் 1984 முதல் தன் கழிவுநீரிலிருந்த சயனைடைச் சிதைக்கப் பாக்டீரியாக்களையே வேலைக்கு வைத்துக்கொண்டது. ஆக, வழி தெரியாத விஷயம் அல்ல. தங்கம் எடுக்க நுண்ணுயிரைக் கூப்பிடுகிறவர்கள், தங்கம் எடுத்த பிறகு மண்ணை மீட்கவும் அதைக் கூப்பிடலாம். முதல் வேலைக்குப் பணம் இருக்கிறது, இரண்டாவதற்கு இல்லை. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது? சுரங்கம் தோண்டும்போது மேல்மண்ணைத் தனியாக எடுத்துவைத்து, பிறகு நிலத்தைச் சீர்படுத்தப் பயன்படுத்தவேண்டும் என்று விதி இருக்கிறது. ஆங்கிலேயர் காலத்தில் இல்லாத விதி. ஆகவே தங்கவயலுக்கு உதவாது. விதி இருக்கிற இடங்களிலும், மேல்மண்ணை உயரக் குவியலாக வருஷக்கணக்கில் போட்டுவைத்தால் உள்ளே காற்றில்லாமல் அதன் உயிர்கள் குறைந்துபோகும். திரும்பப் பரப்பும்போது கிடைப்பது மண்ணின் நிறம்தான். 2025 ஜூலையில் மத்திய அரசு மாசுபட்ட இடங்களை அடையாளம் கண்டு சீர்செய்வதற்கென்றே தனி விதிகளை வெளியிட்டது. வரவேற்கவேண்டிய காரியம். ஆனால் சுரங்கப் பணியால் வந்த மாசு, வேறு சட்டங்கள் இருக்கின்றன என்ற காரணத்தால், சில நிபந்தனைகள் தவிர இந்த விதிகளுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருக்கிறது.

விவசாயியின் கையிலிருக்கும் மண்வள அட்டையைப் பார்ப்போம். 2015இல் தொடங்கிய திட்டம். அட்டையில் 12 அம்சங்கள். தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, செம்பு, மாங்கனீஸ், போரான், அமிலத்தன்மை, உப்பின் அளவு, கரிமம். ஆர்செனிக் இல்லை, ஈயம் இல்லை, காட்மியம் இல்லை. மண்ணில் உயிர் இருக்கிறதா என்பதற்குக் கட்டமே இல்லை. துத்தநாகமும் செம்பும் குறைவா என்று பார்ப்பதுதான் அட்டையின் நோக்கம். கூடிப்போனதா என்பது அதன் கவலையல்ல. சயனைடு மலைக்குப் பக்கத்து நிலத்துக்காரர் அட்டையை வாங்கிப் பார்த்தால் யூரியா எவ்வளவு போடவேண்டும் என்று தெரிந்துகொள்வார்.

உயிரைச் சோதிப்பது பெரிய செலவும் அல்ல. நிறமில்லாத ஒரு ரசாயனத்தை மண்ணில் கலந்து ஒரு நாள் வைத்தால், உயிருள்ள மண் அதைச் சிவப்பாக்கும். எவ்வளவு சிவப்போ அவ்வளவு உயிர்ப்பு. விவசாயக் கல்லூரி மாணவர்கள் செய்யும் சோதனைதான். மூடிய பாட்டிலில் மண் விடும் கரியமில வாயுவை அளப்பது இன்னும் எளிது. எந்தெந்த வகை உயிர்கள் இருக்கின்றன என்பதை டிஎன்ஏ மூலம் படிக்கும் வசதி பெங்களூரில் பல ஆய்வுக்கூடங்களில் இருக்கிறது.

இந்த விஷயம் தங்கவயலோடு முடிவதில்லை. 2018 முதல் பெங்களூரின் சுத்திகரித்த கழிவுநீர் குழாய் வழியே கோலார் மாவட்டத்து ஏரிகளுக்குப் போகிறது. வறண்ட ஏரிகள் நிரம்பியிருக்கின்றன, கிணறுகளில் நீர் ஏறியிருக்கிறது. விவசாயிகளுக்கு அதில் சந்தோஷம் உண்டு. அந்தத் தண்ணீரில் உலோகம் இருக்கிறதா என்ற வாதம் நீதிமன்றம் வரை போனது. வோபர்ன் வயலின் பாடம் இங்கேதான் நினைவுக்கு வரவேண்டும். கசடு வேறு, சுத்திகரித்த நீர் வேறு. ஒன்றுக்குச் சொன்னதை இன்னொன்றுக்குச் சொல்ல முடியாது. ஆனால் இருபது ஆண்டு கழித்துத்தான் தெரியும் என்ற சங்கதி இரண்டுக்கும் பொது. பட்டு, பால், தங்கம் என்று மூன்றுக்குப் பேர்போன ஜில்லா கோலார். தங்கம் போய்விட்டது. பட்டுக்கு வேண்டிய மல்பெரியும் பாலுக்கு வேண்டிய புல்லும் இந்த மண்ணிலிருந்துதான் வரவேண்டும்.

குன்றுகளைக் கிளறுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சொல்லப்போனால், ஒழுங்காகச் செய்தால் ஊருக்கு அதைவிட நல்லது கிடையாது. நூற்றாண்டுப் பாரம் இறங்கும். ஆனால் மண்வெட்டி விழுவதற்குமுன் சில கேள்விகளுக்குப் பதில் வேண்டும். இப்போதைய நிலையில் குன்றிலும், அதைச் சுற்றிய வயல்களிலும், ஓடைகளின் கீழ்ப்பகுதியிலும் எவ்வளவு உலோகம், எவ்வளவு உயிர் என்று அளந்து வெளியிடுவார்களா? இன்று அளக்காவிட்டால் நாளை கெட்டதை நிரூபிக்க முடியாது. மூன்று கோடி டன் மாவை நகர்த்தும்போது பறக்கும் புழுதியை எப்படிக் கட்டுப்படுத்துவார்கள்? சக்கையை மறுபடி சயனைடில் கழுவிய பிறகு மிஞ்சுவதை எங்கே, எதன்மேல் கொட்டுவார்கள்? காலியான ஆயிரம் ஏக்கரில் என்ன மண் போடுவார்கள், அதில் உயிர் வந்துவிட்டதா என்று யார், எத்தனை ஆண்டுகள் சோதிப்பார்கள்? மரக்கன்று நட்டுப் போட்டோ எடுப்பது பதில் ஆகாது. வேருக்குப் பூஞ்சைத் துணை இல்லாத மண்ணில் நட்ட கன்று முதல் கோடையைத் தாண்டுவதே பெரிய விஷயம். மக்கு, சாணம், சுண்ணாம்பு, தாங்கும் புல், பிறகு புதர், பிறகு மரம் என்று அதற்கு வரிசை இருக்கிறது. காலமும் பணமும் பிடிக்கும். ஏலம் எடுப்பவரிடம் ஆரம்பத்திலேயே அந்தப் பணத்தைக் கட்டச் சொல்லவேண்டும்.

தமிழில் மண்ணுக்குப் பெயர்கள் ஏராளம். வண்டல், கரிசல், செவல், தேரி, உவர். விளையாத நிலத்துக்குக் களர் என்று பெயர். கல்லாதவரைச் சொல்ல வள்ளுவருக்கு அந்த உவமைதான் கிடைத்தது. களர் இயற்கையின் வேலை. மனிதன் அரைத்து, கழுவி, கொட்டி, உயிரை மாற்றிவிட்ட மண்ணுக்குப் பழைய அகராதியில் சொல் இல்லை. அப்படியொரு மண்ணை முன்னோர் இந்த அளவில் பார்த்ததில்லை. மொழிபெயர்க்கிறவன் என்ற முறையில் நானும் சக்கை, கழிவு மணல் என்று ஏதேதோ எழுதிப் பார்க்கிறேன். தங்கவயல்காரர்கள் சயனைடு மலை என்று சொல்லிவிட்டு வேலைக்கு ரயில் பிடிக்கப் போகிறார்கள். மலையின் தங்கத்துக்கு விலை குறிக்கப்படும்போது, மண்ணுக்கும் ஒரு கட்டம் போட்டு எழுதச் சொல்லும் உரிமை வேறு யாரையும்விட அவர்களுக்குத்தான் அதிகம்.